எல்லாப் பந்தும் இடப்பக்கம்

கரடியனாற்றை விட்டு நடக்கத் தொடங்கி, செங்கலடிச் சந்திக்குப் பாதி வழி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. தோளில் ஒரு உரப்பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு, ஒரு போர்வை, வார் அறுந்த செருப்பு. கச்சான் காற்று முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வயலையும் காட்டையும் காயவைத்துக்கொண்டு வரும் அந்தக் காற்றை எங்கள் பக்கத்தில் யாரும் நல்ல காற்று என்று சொல்வதில்லை. ஆனால் கடல் பக்கமாக நடக்கிறவனுக்கு அது பின்னால் நின்று தள்ளிவிடும் ஆள் மாதிரி. களைப்பில் பாதியை அது எடுத்துக்கொண்டது.

யானைக்காவல் வேலையை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். மோசமான வேலை என்று சொல்ல மாட்டேன். வயல் வட்டை நடுவே, சுற்றிலும் விளைந்த நெல் நிற்க, மரத்தின் மேல் ஒரு பரண். யானை வந்தால் தகரத்தில் அடித்துக் கூக்குரல் போட வேண்டும். வராவிட்டால் சும்மா இருக்க வேண்டும். யானை வந்த நாட்களில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. வராத நாட்களில்தான் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் இறங்கி வந்து, அந்த வயல்களை மேற்பார்க்கும் முல்லைக்காரரிடம் சொன்னேன்.

"போறன் அண்ணே."

"எங்க?"

"தெரியா."

"நெல்லு வெட்டு முடியட்டும், போ."

"வெட்டு முடியிறதுக்குள்ள நான் சொல்லாமலே போயிருவன். அதுதான் இப்பவே சொல்லுறன்."

அவர் கோபப்படவில்லை. "உன்னை ஒரு இடத்தில வச்சிருக்கிறதும் கச்சானைச் சாக்கில கட்டி வைக்கிறதும் ஒண்டுதான். கிடக்கிற சோத்தைத் திண்டுட்டுப் போ" என்றார். தின்றுவிட்டுப் புறப்பட்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு செங்கல் சூளை, கோழிப் பண்ணை, சுனாமிக்குப் பிறகு வீடு கட்ட வந்தவர்களோடு சீமெந்து குழைத்தது, பிறகு யானை. எதிலும் நிலைத்ததில்லை. அதனாலோ என்னவோ, ஒரே காரியத்தை ஒரே மாதிரி ஒவ்வொரு நாளும் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சர்க்கஸ் பார்ப்பது போல இருக்கும்.

அந்த வருசம்தான் சண்டை முடிந்திருந்தது. முன்பு அந்தத் தெருவில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மறிப்பதற்கு ஆள் இருந்துகொண்டே இருப்பார்கள். இப்போது மாடுகள் மட்டும்தான் மறித்தன. அவை அட்டை கேட்கவில்லை.

ஏறாவூரில் தேத்தண்ணிக் கடையைத் தேடிக்கொண்டு போனபோது, தெரு ஓரத்தில் ஒரு லான்ட்மாஸ்டர், கைப்பிடி வைத்த இரண்டு சக்கர உழவு இயந்திரம், நின்றது. பின்னால் இழுவைப் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளைச் சாயம் பூசிய இரண்டு பெரிய பலகைகள், அவற்றின் மேல் இரும்பு வளையங்கள். கூடைப்பந்துப் பலகைகள் என்று பார்த்த உடனே தெரிந்தது. இயந்திரத்தின் முன்னால் குனிந்து ஒருவர் கயிற்றை இழுத்து இழுத்து அதை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டேன். அவ்வளவு அகலமான முதுகு எங்கள் மாவட்டத்தில் ஒன்றுதான்.

"காக்கா, அது எழும்பாது. அதுக்கும் உங்களைப் போல வயசு போயிட்டு."

அவர் நிமிர்ந்தார். "யார்றா அது? நீ இன்னும் உசிரோட இரிக்கியா? வா, இதைப் பிடி."

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஏறாவூர்க்காரரான இந்தக் காக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நகரத்துக் கூடைப்பந்து அணியில், வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போகும்வரை ஆடினார். கட்டாரிலிருந்து வந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்தார். நான் அந்த அணிக்குப் பந்து பொறுக்கியவன், எப்போதாவது ஆள் குறைந்தால் உள்ளே இறங்கியவன். கொழும்பிலிருந்து வந்திருக்கும் ஒரு கொம்பனியின் அணி அன்று பின்னேரம் ஆடப் போகிறது என்றும், ஏறாவூர்த் தச்சரிடம் இரவோடிரவாகச் செய்வித்த பலகைகளை ஆட்டம் நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறார் என்றும் சொன்னார்.

"மைதானத்தில பலகை இல்லையா?"

"மைதானத்தில இரிக்கி. ஆட்டம் மைதானத்தில இல்ல. நெல்லு ஸ்டோர்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இயந்திரம் எழும்பியது. பலகைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். போகும் வழியெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திக் கதையைச் சொன்னார்.

கொழும்பு அணி முந்தின நாள் பின்னேரமே வந்துவிட்டது. நகரத்து மைதானத்தில் பந்தை எறிந்து பார்த்தார்கள். கச்சான் அடித்த அடியில் பந்து வளையத்துக்குப் போகாமல் பார்வையாளர் மடிக்குப் போனது. இந்தக் காற்றில் தங்களால் ஆட முடியாது, கூரை உள்ள இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் பாயைத் திருப்பிப் போடச் சொன்னால் போடத்தானே வேண்டும். எங்கள் பயிற்சியாளர் மாஸ்டர் உடனே ஒப்புக்கொண்டார். கூரை உள்ள பெரிய இடம் ஒன்றுதான் இருந்தது: நகர எல்லையில் காலியாகக் கிடந்த நெல்லுக் களஞ்சியம்.

"மாஸ்டருக்குச் சந்தோசம்" என்றார் காக்கா. "காத்துக்குள்ளயே போடுற பொடியனுகள், காத்தில்லாத இடத்தில கண்ணை மூடிட்டுப் போடுவானுகள் எண்டு சொல்லித் திரியிறார். ஊரே அதைத்தான் சொல்லுது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"கப்டன் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"அவனுக்குத்தான் இண்டைக்குப் பரீட்சை."

அணியின் கப்டனும் நானும் செட்டிபாளையத்துக்காரர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் எங்கள் ஊர். சுனாமியில் என் வீடும் அவன் வீடும் ஒரே அலையில் போயின. எங்கள் வீட்டில் எல்லாரும் தப்பினோம். அவன் அண்ணனைக் கடல் கொண்டுபோய்விட்டது. கப்டன் இன்னும் மனைவி, பிள்ளையோடு தகரக் கொட்டிலில்தான் இருந்தான். விடியப்புறம் ஐஸ் கொம்பனியில் வேலை.

அவனை நகரத்து அணியின் நட்சத்திரம் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்து நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த காலத்தில் ஒருவர் இருந்தார், நண்டுக்கறி தின்ற நாளில் மட்டும்தான் அவருக்குப் பந்து உள்ளே போகும். வாவியில் நண்டு படாத மாதங்களில் அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும். இன்னொருவர் கலியாணம் பேசும் வரை பறந்தார். பேசி முடிந்ததும் இறங்கிவிட்டார். ஒரு நாள் நாற்பது புள்ளி போட்டு மறுநாள் நாலு போடுகிறவனை ஊர் தோளில் தூக்கும், நாற்பதைத்தான் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் பதினைந்து போடுகிறவனை யாரும் தேத்தண்ணிக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். ஏறாவூர்க் காக்கா பதினைந்து போடுகிற ஆள். மழையோ வெயிலோ, ஊரடங்கு எடுத்த மறுநாளோ, பெருநாளைக்கு அடுத்த நாளோ, பதினைந்து. அவருடைய படம் எந்தக் கடையிலும் தொங்கவில்லை.

கப்டன் நாற்பது போடுகிற ஆள். சுனாமி முடிந்த கொஞ்ச நாளில் இதே கொழும்புக் கொம்பனியின் மனிதர் ஒருவர் வந்தார். ஆடத் தெரிந்தவர்களை அவர்கள் வேலைக்கு எடுப்பார்கள். அலுவலகத்தில் ஒரு வேலை, குடும்பத்தோடு தங்க ஒரு வீடு, மாலையில் அணிக்கு ஆட்டம். முதல் நாள் கப்டன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் எழுந்து நின்று கை தட்டினார். மறுநாளும் வந்து பார்த்தார். மறுநாள் ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. ஏன் என்று கப்டனுக்கே தெரியாது. அவர் பேசாமல் போய்விட்டார். ஊர் அவனுக்கு 'ஒருநாள் கப்டன்' என்று பட்டம் வைத்தது.

அதற்குப் பிறகு அவன் மாறிவிட்டான் என்றார் காக்கா. ஐஸ் வேலை முடிந்த கையோடு ஊர் மைதானத்துக்குப் போவான். அங்கே இருந்த இரண்டு வளையத்தில் ஒன்றைக் கடல் கொண்டுபோய்விட்டது. வடக்குப் பக்கத்து வளையம் மட்டும் மிச்சம். அதற்கு முன்னால் நின்று, கை மரத்துப்போகும்வரை போடுவான். ஒரு நாளும் விட்டதில்லை. இப்போது ஊரில் பந்தயம் கட்டுகிறவர்கள் அவன் பக்கம் மட்டும்தான் கட்டுகிறார்களாம். அதனால் பந்தயமே நின்றுபோயிற்றாம்.

"அந்தக் கொம்பனிக்காரரே மறுகா திரும்பி வந்திரிக்கார். இண்டைக்கு விட்டா இனி இவனை ஆரும் பாக்க மாட்டானுகள். வயசும் போகுது" என்றார் காக்கா.

வழியில் இயந்திரம் இரண்டு தரம் நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சனம் களஞ்சியத்தின் கதவு வரை நிறைந்திருந்தது. மாஸ்டர் எங்களைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"பலகை செய்யக் குடுத்தா மரம் வளத்துக்கொண்டா வாறியள்?"

அந்தக் களஞ்சியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சுனாமிக்குப் பிறகு எங்கள் குடும்பமும் கப்டன் குடும்பமும் அங்கேதான் இருந்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்து இடம் பிரித்திருந்தார்கள். அந்தக் கோடுகளின் மேல்தான் இப்போது ஆட்டத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் பாய் கிடந்த இடத்தில் கொழும்பு அணியின் தண்ணீர்ப் போத்தல்கள் நின்றன. தூசி உள்ளே வரக்கூடாது என்று மேற்குப் பக்கத்துப் பெரிய கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே உமி மணமும் வியர்வை மணமும்தான். ஒரு இலைகூட அசையாத புழுக்கம்.

பலகைகளை ஏற்றிப் பூட்டவே நேரம் போய்விட்டது. இரண்டு அணியும் பந்தை எறிந்து பார்க்க நேரமில்லை. வளையத்தின் கடைசி ஆணியை நான் இறுக்கி இறங்கிய கையோடு விசில் ஊதிவிட்டார்கள். காக்கா ஆட உள்ளே இறங்கினார்; நான் எங்கள் அணியின் வாங்குப் பலகை ஓரத்தில் உட்கார்ந்தேன்.

கப்டன் முதல் பந்தைத் தூரத்திலிருந்து போட்டான். அழகாக எழும்பி, அழகாக இறங்கி, வளையத்தின் வெளி விளிம்பில் பட்டு விழுந்தது. யாரும் கவலைப்படவில்லை. இரண்டாவதும் அப்படியே. புதுப் பலகை, பழகவேண்டும் என்றார்கள். மூன்றாவதற்கு நிலம் வழுக்குகிறது என்றார்கள். அதற்குப் பிறகு காரணம் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கொழும்புப் பொடியன்கள், காற்றில்லாத இடத்தில், தங்கள் வீட்டில் ஆடுவது போல ஆடினார்கள். அவர்களில் ஒரு நெட்டையன் கப்டன் பந்தை எடுக்கும்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

கொம்பனிக்காரர் எதிர்ப்பக்கத்தில் கதிரையில் இருந்தார். வழுக்கைத் தலை, கையில் விசிறி. அவர் கப்டனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

இடைவேளைக்கு விட்டார்கள். கப்டன் வந்து வாங்கில் இருந்து, தலையைத் துவாயால் மூடிக்கொண்டான். அதற்குள் அவனுடைய அம்மா சனத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். கையில் செத்தல் மிளகாயும் உப்பும்.

"ஊர்ச் சனம் முழுக்க வாய் வச்சா எப்படிப் போகும்? நாவூறுதான். தலையைக் காட்டு மனே."

"அம்மா, வெளியில போங்க. கொழும்பு ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். அவங்கட கண்ணும் சேத்துத்தான் சுத்துறன்."

மூன்று தரம் சுற்றிவிட்டு, மிளகாயைக் கொண்டுபோய் எங்கே எரித்தாரோ, கொஞ்ச நேரத்தில் களஞ்சியம் முழுவதும் இருமியது. கொழும்பு அணியும் இருமியது. அதைத் தவிர வேறு பலன் தெரியவில்லை.

காக்கா முகத்தைக் கழுவிவிட்டு வந்து கப்டனின் பக்கத்தில் உட்கார்ந்தார். வாங்கு சரிந்து, மற்றப் பக்கத்தில் இருந்த நான் எழும்ப வேண்டியதாயிற்று.

"டேய், துவாயை எடு. ஒண்டு கேக்கன். பந்தெல்லாம் எங்க விழுது?"

"வெளியில விழுது. வேறெங்க?"

"வெளியில எண்டா எந்தப் பக்கம்?"

கப்டன் யோசித்தான். "இடக்கைப் பக்கம்."

"ஒண்டாவது சோத்துக்கைப் பக்கம் விழுந்திச்சா?"

"இல்ல."

காக்கா தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பகிடி?" என்றார்.

"கட்டார்ல எனக்கும் இதே பாடுதான் மாஸ்டர். ஏசி போட்ட மண்டபம். போன புதுசில ஒரு பந்தும் போகல்ல. பங்களாதேஸ்காரன் எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சான். பிறகுதான் புடிபட்டிச்சு. இவன் ஊர்ல ஒத்தை வளையத்தில போடுறான். கச்சான் எப்பவும் இடப்பக்கத்தால வருது. பந்தை இடப்பக்கம் விட்டா காத்து கொண்டுபோய் உள்ள போடும். வருசக்கணக்காக் காத்தும் இவனும் சேந்துதான் போட்டிருக்காங்க. இஞ்ச இவன் மட்டும் வந்திருக்கான்."

காற்றில்லாத இடம் என்று சந்தோசப்பட்ட ஊரில் நானும் ஒருவன்; மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தேன்.

வாங்குக்குப் பின்னால் நின்ற ஒருவர்தான் முதலில் சொன்னார்: "அப்ப அந்தப் பெரிய கதவைத் திறந்து விடுவம். கச்சான் நேரா உள்ள வரும்."

நாலைந்து பேர் கதவை நோக்கிப் போய்விட்டார்கள். மாஸ்டர் தடுக்கவில்லை. கப்டன்தான் எழும்பினான்.

"திறக்காதீங்க."

"ஏன்டா? உனக்குத்தானே."

"இண்டைக்குத் திறப்பீங்க. கொழும்பில ஆர் திறப்பான்?"

போனவர்கள் திரும்பி வந்தார்கள். மாஸ்டர் சொன்னார்: "அப்ப நேராப் போடு."

"நேராத்தான் மாஸ்டர் பாக்கிறன். கை கேக்குதில்ல. அது இடப்பக்கம்தான் போகுது."

"எல்லாம் ஒரே இடத்திலயா விழுது?" என்று கேட்டார் காக்கா.

"ஓம். ஒரே இடம்."

"அப்ப நேராப் போடாத. உன்ட பாட்டுக்குப் போடு. நான் அந்த இடத்தில நிக்கன்."

இரண்டாம் பாதி தொடங்கியது. கப்டன் தூரத்திலிருந்து போட்டான். பந்து எழும்பும்போதே, எல்லாரும் வளையத்தைப் பார்க்க, காக்கா நடந்துபோய் இடப்பக்கத்தில் நின்றார். ஓடவில்லை, கடைக்குப் போகிறவர் போல நடந்தார். பந்து விளிம்பில் பட்டு நேராக அவர் கைக்கு வந்தது. அவர் அதைத் தட்டி உள்ளே போட்டார்.

அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். கொழும்பு நெட்டையன் கப்டன் தவறவிடும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தான். தங்கள் முன்னிலை பாதியாகக் குறைந்த பிறகுதான், தான் எதற்குச் சிரிக்கிறோம் என்று யோசித்திருப்பான். துள்ளிக் குதிக்கிற அந்த உயரமான பொடியன்கள் பந்து எங்கே விழும் என்று தேடிக் குதித்தார்கள். காக்கா தேடவில்லை. சனம் பிடித்துக்கொண்டது. கப்டன் கையைத் தூக்கியதும் எல்லாரும் சேர்ந்து "காக்கா, இந்தா வருது" என்று கத்துவார்கள். காக்காவும் இடையில் ஒரு தரம் கையைத் தூக்கி ஸலாம் சொன்னார். அன்று அவர் பதினைந்தைத் தாண்டிவிட்டார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

கொம்பனிக்காரர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விசிறி மடியில் கிடந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரம். சமன் செய்ய இன்னும் நாலு புள்ளி வேண்டும். கப்டன் போட்டான். காக்கா வழமையான இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பந்து வரவில்லை. வளையத்துக்குள் நேராக, விளிம்பில் படாமல், போய்விட்டது. காக்கா வெறுங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி, சனமெல்லாம் கேட்கச் சொன்னார்:

"டேய், நேராப் போடுறதெண்டாச் சொல்லிட்டுப் போடு."

அடுத்த பந்து நேராகவும் போகவில்லை, வழமையான இடத்திலும் விழவில்லை. நேரம் முடிந்தது. ஒரு கூடையால் தோற்றோம்.

தோற்றதற்காக ஒருவரும் அழவில்லை. கொழும்புப் பொடியன்கள் வந்து காக்காவைக் கட்டிப் பிடித்தார்கள். கப்டன் மட்டும் ஒரு மூலையில் இருந்து சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு முடிச்சை அவிழ்க்க அவ்வளவு நேரம் தேவையில்லை. கொம்பனிக்காரர் மாஸ்டரோடு ஆங்கிலத்தில் ஏதோ பேசினார். பிறகு நேராகக் கப்டனிடம் வந்தார். சிங்களவர், தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துப் பேசினார்.

"நீ எங்க பழகினது?"

"செட்டிபாளையம் சேர்."

"அங்க காத்து?"

"ஓம் சேர். நிறைய."

"எனக்குக் காட்டு."

மாஸ்டரும் நாங்களும் அவருடைய வான் வண்டியில் ஏறினோம். காக்கா லான்ட்மாஸ்டரை அங்கேயே விட்டுவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். பாலத்தைத் தாண்டி, ஊர் ஊராகத் தெற்கே போனோம். கப்டன் பந்தை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிக்கொண்டே வந்தான்.

ஊர் மைதானத்தில் இறங்கியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வாவிப் பக்கத்திலிருந்து கச்சான் வந்துகொண்டிருந்தது, ஆனால் பகலில் போல இல்லை. வந்தது, நின்றது, வந்தது. ஒற்றை வளையம். வலை இல்லை. கொம்பனிக்காரர் முதலில் பந்தை வாங்கித் தானே போட்டுப் பார்த்தார். இளமையில் அவரும் நல்ல ஆட்டக்காரராம். பந்து வலப்பக்கமாக ஓடி மணலில் விழுந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் அங்கேதான். பந்தைக் கப்டனிடம் கொடுத்தார்.

கப்டன் போட்டான். பந்து வளையத்தை விட்டு இடப்பக்கமாகத்தான் போனது. உச்சிக்குப் போய், அங்கே ஒரு கணம் யோசித்தது போல இருந்து, பிறகு காற்றில் சாய்ந்து உள்ளே விழுந்தது. நான் ஓடிப் பொறுக்கிக் கொடுத்தேன். மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு பந்தும் ஒரே வழியால் போய் ஒரே வழியால் வந்தது. கொம்பனிக்காரர் வாயைத் திறந்தபடி தலையை இடமும் வலமுமாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கப்டன் பந்தைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

"ஏன்? போடு" என்றார் அவர்.

"காத்து நிண்டிட்டு சேர். வரட்டும்."

எல்லாரும் நின்றோம். கரையோரத் தென்னைகளின் ஓலை தொங்கிக்கொண்டு கிடந்தது. கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதரைக் காற்றுக்காகக் காக்க வைத்திருக்கிறான் என்று மாஸ்டர் வியர்த்தார். ஓலை மெல்ல அசைந்தது. கப்டன் போட்டான். உள்ளே விழுந்தது.

கொம்பனிக்காரர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, மாஸ்டரிடம் கொஞ்சம் ஆங்கிலத்தில், கப்டனிடம் கொஞ்சம் தமிழில் சொன்னார். "பத்து இடத்தில பிழை விடுற ஆள் எங்கிட்ட நிறைய இருக்கு. அவனை நான் என்ன செய்ய? நீ ஒரு இடம்தான். அது மாத்தலாம். எங்கட மண்டபத்தில காத்து இல்ல. வருசம் முடியிற வரைக்கும் டைம். கை மாத்து. மாத்தினா குடும்பம் கூட்டி வா. இல்லாட்டி இங்க வந்து ஐஸ் உடை." பிறகு: "நாளைக்கு எங்கட பஸ்ஸில வா."

கப்டன் "சரி சேர்" என்று மட்டும் சொன்னான். பந்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையில் தந்தான்.

அவர் காக்காவையும் கேட்டார். காக்கா நெஞ்சில் கை வைத்தார். "என்ட பொஞ்சாதி ஒரு தரம்தான் வெளியூர் விட்டா சேர். இரண்டாம் தரம் போனா வீட்டுக்குப் பூட்டை மாத்திருவா."

வான் போன பிறகு, ஐஸ் கொம்பனி முதலாளியின் வீட்டுக்குப் போனோம். வாவிக்கரையில் பக்கத்திலேயே இருந்தது. அவர் கதையெல்லாம் கேட்டார், சந்தோசப்பட்டார், கப்டனின் தோளில் தட்டினார். பிறகு சொன்னார்: "விடிய வள்ளம் வரும். மீனுக்கு ஐஸ் வேணும். போறதெண்டா உன்ட இடத்துக்கு ஒரு ஆள் தந்துட்டுப் போ."

கப்டன் என்னைப் பார்த்தான். காக்காவும் பார்த்தார், பார்த்து உடனே சிரித்துவிட்டார். "இவனா? நாளைக்கே கப்டன் திரும்பி வர வேண்டி வரும்" என்றார்.

"யானையைப் பாத்திருக்கன். ஐஸ் ஓடாது" என்றேன் நான்.

அன்று ஊரில் என் அக்கா வீட்டில், அம்மா போட்ட பாயில் படுத்தேன். விடியப்புறம் எழும்பிப் போனபோது முதலாளி எனக்கு முன்னால் வந்து நின்றார். ஆள் உயரத் தகரப் பெட்டிகளிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கவிழ்த்து எடுத்து, கொக்கி போட்டுச் சீமெந்து நிலத்தில் இழுத்துக்கொண்டு போய், நொறுக்கும் இயந்திரத்தில் தள்ள வேண்டும். மறுபக்கத்தால் வருவதை மீன் பெட்டிகளில் நிரப்ப வேண்டும். கையில் உறையில்லை. உறை போட்டால் கொக்கி வழுக்கும் என்றார்.

"முந்தி நிண்டவன் ஒரு நாளும் பிந்தினதில்ல" என்று சொல்லிக் கொக்கியை என்னிடம் தந்தார். "நீ எப்படி?"

"பாப்பம் முதலாளி."

வள்ளங்கள் கரையை நெருங்கிக்கொண்டிருந்தன. கொக்கியை முதல் கட்டியில் போட்டு இழுத்தேன்.